பதற்றத்த விளம்பரத்துல எப்படி காட்டுறது: இருட்டு ரூமா, ஆஸ்பத்திரி பெஞ்சா?

ஒன்லைன் கவுன்சிலிங் விளம்பரம்னாலே இருட்டு ரூம், ஜன்னல்ல மழ, தலையில கைய வச்சிக்கிட்டு ஒரு புள்ள, பின்னால பியானோ. எடுக்கவும் ஈசி, செலவும் கம்மி. ஆனா இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கல, பண்டாரவள பக்கம் உள்ள ஆளுங்களுக்கு இது எடுபடாது. இங்க மழையும் மிஸ்ட்டும் வருசத்துல பாதி நாள் இருக்கு, அத சோகம்னு காட்டினா பாக்குறவன் கொடையத்தான் தேடுவான்.

இதுக்கு எதிரா நான் சொல்றது ஆஸ்பத்திரி பெஞ்ச். நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது, மூச்சு முட்டுது, ஹார்ட் அட்டாக்னு பயந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடி அங்கருந்து த்ரீவீல் புடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்கு போனா ஈசிஜி நார்மல், "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்கு போங்க"ன்னு அனுப்பிடுறாங்க, அடுத்த வாரம் மறுபடி அதே கூத்து. அந்த ஈசிஜி பேப்பர நாலா மடிச்சி கையில வச்சிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்க ஒரு அக்காவ காட்டுங்க, பியானோவே வேணாம், பதற்றம்னா என்னான்னு எல்லாருக்கும் வெளங்கும். ஒரே கண்டிசன், நெஞ்சு வலின்னா மொதல்ல டொக்டர்கிட்ட போங்கன்னு விளம்பரத்துலயே சொல்லணும். எல்லாமே மனசுதான்னு சொல்லி நெசமாவே இதய வருத்தம் உள்ளவர வீட்ல உக்கார வச்சிடக்கூடாது பாருங்க.

வசனத்துலயும் ரெண்டு வழி இருக்கு. "உங்களுக்கு பதற்ற நோயா?"ன்னு நேரா கேக்குறது ஒண்ணு, "படபடப்புக்கு தமிழ்ல பேச ஆள் இருக்கு"ன்னு சேவைய மட்டும் சொல்றது இன்னொண்ணு. பேஸ்புக்ல போடுறதா இருந்தா மொதலாவது அப்ரூவல்லயே மாட்டும், ஏன்னா பாக்குறவருக்கு இன்ன வருத்தம் இருக்குன்னு குத்திக் காட்டுற மாதிரி எழுதக்கூடாதுன்னு பேஸ்புக்க நடத்துற மெட்டா கம்பெனியோட விளம்பர விதியே இருக்கு. விதிய விடுங்க, தோட்டத்து வரிசை வீடான லயத்துல ஒரு போன நாலு பேர் பாக்குறாங்க, அம்மா ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கப்ப "உங்களுக்கு நோயா"ன்னு வந்து நின்னா அந்த வீட்ல என்ன நடக்கும்?

யூடியூப் பிரபலத்த வச்சி "எனக்கு சரியாச்சு"ன்னு சொல்ல வைக்கிற வழியும் இருக்கு. ஆள் கூட்டும், ஆனா அவரு காசு வாங்கிட்டுத்தான் பேசுறாருன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். எனக்கு வேணாம்.

இதவிட முக்கியமானது விளம்பரத்துக்கு பின்னால நடக்குறது. பெட்டர்ஹெல்ப்னு அமெரிக்காவுல பெரிய ஒன்லைன் தெரபி கம்பெனி, உங்க தகவல் ரகசியம்னு வாக்கு குடுத்துட்டு ஆளுங்களோட ஈமெயில், தெரபிக்கு வந்தவங்கங்கிற விவரம் எல்லாத்தையும் பேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி எடங்களுக்கு விளம்பரத்துக்காக குடுத்தாங்கன்னு வியாபாரத்துல ஏமாத்துறவங்கள புடிக்கிற அந்த நாட்டு அரசாங்க அமைப்பு எப்டிசி கேஸ் போட்டு, 2023ல 78 லட்சம் டொலர் கட்ட வச்சாங்க. ஸோ, சைட்டுக்கு யாரு வர்றாங்கன்னு பேஸ்புக் மாதிரி எடங்களுக்கு சொல்ற பிக்சல்ங்கிற குட்டி கோட சைட்ல போட்டு, வந்தவங்கள தொரத்தித் தொரத்தி விளம்பரம் காட்டுறதா, இல்ல ஹட்டன், நுவரெலியான்னு ஊரயும் மொழியையும் மட்டும் வச்சி எல்லாருக்கும் பொதுவா காட்டுறதா? ரெண்டாவதுல கிளிக் கொஞ்சம் கொறையும், காசும் கொஞ்சம் வீணாகும், பரவால்ல. நம்ம நாட்டுலயும் 2022ல தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் நிறைவேறியாச்சு, ஒடம்பு, மனசு சம்பந்தமான தகவல் அதுல விசேச வகை.

அடுத்து தெரபிய எப்படி காட்டுறதுன்னு பாப்போம். லேப்டொப்புக்கு முன்னால கோப்பி மக்கோட சிரிச்சிக்கிட்டு வீடியோ கோல், கொழும்பு பிளாட்டுக்கு சரி. பத்துக்கு பன்னெண்டு அடி லயத்து காம்பராவுல, பக்கத்து காம்பராக்காரர் இருமுனா கேக்குற எடத்துல, எந்தப் புள்ள வாய் தொறந்து பேசும்? சட்ல டைப் பண்ணலாம், இல்லனா ரோட்டு பக்கம் நடந்துக்கிட்டே வெறும் வொய்ஸ் கோல்ல பேசலாம், டேட்டாவும் கம்மியா போகும். அத காட்டுங்க. மொத கோல்ல என்ன கேப்பாங்க, ஒரு தடவைக்கு எவ்ளோ, பேசுறவருக்கு என்ன தகுதி, மூணும் ஸ்கிரீன்லயே வரணும். விலைய ஒளிச்சி வச்சி "இன்பொக்ஸ் பண்ணுங்க"ன்னு போடுறவங்கள பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

காசு இல்லாதவங்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தோட 1926 நம்பரயும் அடியில போட்டுடுங்க. கஸ்டமர் போயிடுவாங்கன்னு மொதலாளி மொறச்சாலும் அத மட்டும் எடுக்க விடாதீங்க, எழுத்தும் பெருசா இருக்கட்டும்.