மான்செஸ்டரில் கார் எடுத்து எடின்பரோவில் விடப் போகிறவர்கள் கவனத்துக்கு: 584 பவுண்டு போச்சு

584 பவுண்டு. நேற்று மாலை கிரெடிட் கார்டிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் வாடகையே 171 பவுண்டுதான். விடுமுறைக்கு வடக்கே கிளம்பப் பலர் இப்போது புக் செய்துகொண்டிருப்பீர்கள், அதனால் கை நடுக்கம் நிற்பதற்குள் எழுதுகிறேன்.

புகார் நடப்பதால் பெயர்கள் வேண்டாம். ஒன்று, பல கம்பெனிகளின் வாடகையை ஒப்பிட்டுக் காட்டும் தளம். இன்னொன்று, ஷட்டில் பஸ் பிடித்துப் போய்ச் சேரவேண்டிய மலிவு வாடகைக் கம்பெனி.

தளத்தில் 29 பவுண்டுக்கு 'முழுப் பாதுகாப்பு' என்று பச்சை டிக் போட்டு விற்றார்கள். அது என்ன என்பதுதான் முக்கியம். காருக்குச் சேதம் வந்தால் முதல் 1,500 பவுண்டு வரை நம் தலையில் என்பது வாடகைக் கம்பெனியின் ஒப்பந்தம். தளம் விற்கும் காப்பீடு அதைத் துளியும் மாற்றாது. கம்பெனி முதலில் நம் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிறகு நாம் ரசீதுகளோடு வேறொரு காப்பீட்டாளரிடம் போய்த் திரும்பக் கேட்க வேண்டும். கவுண்டரில் இருப்பவரின் கணினியில் நம் 29 பவுண்டு பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இது தெரியாமல் நான் நம்பி ஏமாந்த இடம் எது தெரியுமா? மங்கலான கார் நிறுத்துமிடம், கார் முழுக்க மழைத்தண்ணீர். சக்கரங்களைச் சுற்றிப் பார்க்கக் குனிந்தபோது ஊழியர் சிரித்தபடி சொன்னார்: காசளவு கீறல் எல்லாம் கணக்கில் வராது, உங்களிடம்தான் முழுப் பாதுகாப்பு இருக்கிறதே, எம்6 நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்குவதற்குள் கிளம்புங்கள். டேப்லெட்டில் தெரிந்தது கையெழுத்துப் பெட்டி மட்டும். ஏற்கெனவே உள்ள சேதங்களின் பட்டியல் அதற்கு மேலே, விரலால் தள்ளினால்தான் தெரியும். அதில் பின்பக்க இடது சக்கரம் 'சேதமில்லை' என்றிருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்6-ல் 36-வது ஜங்ஷனில் இறங்கி ஏ591 வழியாக ஏரிப்பகுதியிலுள்ள (லேக் டிஸ்ட்ரிக்ட்) விண்டர்மியர். அங்கிருந்து ஏ592-ல் 454 மீட்டர் உயரத்துக் கிர்க்ஸ்டோன் கணவாய் ஏறி அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோடு பென்ரித். பிறகு ஏ686-ல் ஹார்ட்சைட் ஏறி ஆல்ஸ்டன், அங்கிருந்து ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பி6318. அதிலிருந்து ஏ68-க்குத் திரும்பினால் 418 மீட்டரில் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையான கார்ட்டர் பார், ஜெட்பரோ, எடின்பரோ. ஹார்ட்நாட் கணவாய்ப் பக்கம் மட்டும் வாடகைக் காரைக் கொண்டுபோக வேண்டாம். மூன்றுக்கு ஒன்று சரிவு, ஒற்றை வண்டித் தடம்.

ஆனால் இந்தப் பாதைகளில் சாலையோரமே கருங்கல் மதில். எதிரே கேரவன் வந்தால் இடது சக்கரங்களை ஓரத்துப் புல்லில் ஏற்றித்தான் ஒதுங்க வேண்டும். அதனால் ஏரிப்பகுதிக்குப் போன காரில் இடது ரிம் கீறியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பத் தோன்றும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு இரவு எடின்பரோவில் அலுவலகம் மூடியிருந்தது. சாவியைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். மறுநாள் ஊழியர் வந்து பார்க்கும்வரை காருக்கு நாமே பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கிறது. செவ்வாயன்று மின்னஞ்சல் வந்தது: அலாய் ரிம் கீறல் 295, டயர் பக்கச்சுவர் வெட்டு 148, கார் ஓடாத நாட்களுக்கு 96, நிர்வாகக் கட்டணம் 45. மொத்தம் 584. இணைத்திருந்த படங்களில் ஒன்றில்கூடத் தேதியோ நம்பர் பிளேட்டோ இல்லை.

எடின்பரோ கவுண்டர், தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்றது. தலைமை அலுவலகம், சேதப் பிரிவு மின்னஞ்சலில் மட்டுமே பேசும், 14 வேலை நாள் ஆகும் என்றது. ஒப்பீட்டுத் தளம், இது உங்களுக்கும் வாடகைக் கம்பெனிக்கும் இடையிலான விஷயம் என்று சாட்டில் எழுதிவிட்டு மூடிக்கொண்டது. காப்பீட்டாளர் பழுதுபார்த்த பில்லைக் கேட்கிறார். கம்பெனி அதைத் தர மறுக்கிறது, மதிப்பீடு போதுமாம். பில் வந்தாலும் அந்த 96-ம் 45-ம் காப்பீட்டில் கிடையாதாம். கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு விற்றவரோடு கார்டு வங்கியும் பொறுப்பு என்னும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவைச் சொல்லி வங்கியிடம் கேட்டால், வாடகையை இடைத்தரகரிடம் கட்டியிருக்கிறீர்களே என்று இழுக்கிறார்கள். இப்போதைக்கு வங்கி சார்ஜ்பேக் (கார்டில் எடுத்த பணத்தைத் திருப்பக் கேட்பது) மட்டும் போட்டிருக்கிறது. 584 பவுண்டு இன்னும் அவர்களிடம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். கார் நகர்வதற்கு முன் நான்கு ரிம், நான்கு டயரின் பக்கச்சுவர், முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பாகம், எல்லாவற்றையும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, நம்பர் பிளேட்டில் தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். கீறல் இருந்தால் பட்டியலில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் காரை விடுங்கள், 'சேதமில்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் விட்ட இடத்திலேயே இன்னொரு வீடியோ, பெட்ரோல் முள்ளும் மைல் கணக்கும் தெரிய. புக் செய்யும் முன் கம்பெனி பிவிஆர்எல்ஏ என்ற பிரிட்டிஷ் வாடகை வாகனக் கம்பெனிகளின் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினராக இருந்தால்தான் அந்தச் சங்கம் சமரசத்துக்கு வரும். இந்தக் கம்பெனி உறுப்பினர் இல்லை.