டேப் அளவும் வாய் அளவும்: உலகின் பெரிய முதலை எது?

"அந்தப் பாறைச் சந்துல ஒண்ணு கிடக்கும் சார். இருபது அடி. பரிசலையே கவுத்துடும்."

துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பரிசல்காரர் இதைச் சொன்னதும், தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கையை அக்கா மகன் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டான். ஒகேனக்கல் பரிசலின் குறுக்களவு ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் இருபது அடி முதலை என்பது மூன்று பரிசலை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அவர் காட்டிய சந்தே அவ்வளவு நீளமில்லை.

கரையேறியதும் ஒரு சின்னச் சோதனை வைத்தோம். மணலில் பாதியும் தண்ணீரில் பாதியுமாக ஒரு நீர்மத்திக் கட்டை ஒதுங்கிக் கிடந்தது. கிட்டே போகாமல் எத்தனை அடி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்ல வேண்டும். அக்கா மகன் பதினான்கு என்றான். நான் பதினொன்று. மாமா ஓசூரில் கட்டட வேலை பார்ப்பவர், தினமும் அளவோடு புழங்குகிறவர், அவரே பன்னிரண்டு என்றார். வண்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து பிடித்தால் எட்டு அடி ஒன்பது அங்குலம். "பாதி தண்ணிக்குள்ள இருந்துச்சில்ல மாப்ள" என்றார் மாமா. அதுதான் விஷயமே. முதலையும் எப்போதும் பாதி தண்ணீருக்குள்தான் இருக்கிறது. கட்டையாவது அசையாமல் கிடந்தது, கடிக்கவும் வராது.

நம் பக்கத்தில் காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்புவதில்லை. பிலிகுண்டுலு நீர் அளவு நிலையத்தில் எத்தனை கன அடி என்றுதான் கேட்போம். முதலைக்கு அப்படி ஒரு பிலிகுண்டுலு இல்லாததால் ஆளாளுக்கு அளக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய முதலை என்று சொல்லப்படுபவற்றை நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எத்தனை அடி என்பதை விட, யார் எங்கே எதை வைத்து அளந்தார்கள் என்பது முக்கியம்.

முதலில் லோலோங். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், புனாவான் என்ற ஊரில் 2011 செப்டம்பரில் உயிரோடு பிடித்தார்கள். பிடித்தபோது சொன்ன நீளம் 6.4 மீட்டர், அதாவது 21 அடி. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து முதலை ஆய்வாளர் வந்து முறையாக அளந்தார். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் 6.17 மீட்டர். எடை 1,075 கிலோ. பிடித்து, கட்டி, கண்முன்னால் கிடந்த முதலைக்கே ஒன்பது அங்குலம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். இதில் நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. முதுகு வளைவோடு டேப்பைப் படரவிட்டால் சும்மாவே சில அங்குலம் ஏறிவிடும். நேர்கோட்டில் பிடித்தால்தான் அது நீளம். 2013 பிப்ரவரியில் லோலோங் செத்துப்போனது. ஆனால் அந்த 6.17 நிற்கிறது.

அடுத்தது காசியஸ். 1984-இல் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பிடிபட்டு, பிறகு குயின்ஸ்லாந்தில் கிரீன் தீவில் வளர்ந்தது. 5.48 மீட்டர், பதினெட்டு அடி. லோலோங் போன பிறகு, வளர்ப்பில் உள்ளவற்றில் பெரியது என்ற கின்னஸ் பட்டம் மறுபடி இதற்கே வந்தது. 2024 நவம்பரில் செத்தது. இதன் நீளத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூற்றுப் பத்து வயது என்று எழுதினார்களே, அதில்தான் இருக்கிறது. காட்டில் பிடித்த முதலைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது?

பதினெட்டுக்கும் இருபதுக்கும் இரண்டு அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நீளம் கூடும்போது அகலமும் உயரமும் சேர்ந்தே கூடும். அதே உடல்வாகு என்று வைத்துக்கொண்டால், காசியஸை விட லோலோங்குக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் எடை கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் அத்தனை பெரிய விஷயம். இதைத் தெரிந்துகொண்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

1957-இல் குயின்ஸ்லாந்தின் நார்மன்டன் பக்கத்தில் கிறிஸ்டினா பாவ்லோவ்ஸ்கா என்ற பெண் சுட்டதாகச் சொல்லப்படும் முதலை, 8.63 மீட்டர். இருபத்தெட்டு அடிக்கு மேல். ஊரில் முழு அளவில் சிலையே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் வாய்க்குள் தலையை விட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். லோலோங்கின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ மூன்று டன் வருகிறது. சரி, இருக்கட்டும், உலகத்தில் எதுவும் நடக்கும். ஆனால் சரிபார்க்க மண்டையோடு கிடையாது, தோல் கிடையாது, ஒரு பல்கூடக் கையில் இல்லை. சுட்டவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சிலையை ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டேன். சிலையைச் சிமெண்டில் எத்தனை அடிக்கும் கட்டலாம். மாமாவைக் கேட்டால் தெரியும்.

மண்டையோடு மிஞ்சியதால் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தில் கொல்லப்பட்டதாகச் சொன்ன ஒரு முதலைக்கு முப்பத்து மூன்று அடி என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி அதன் எடை நாலரை டன்னைத் தாண்டும். நம் அஞ்செட்டிக் காட்டுக் கொம்பன் யானையோடு தராசில் நிற்கும். நல்லவேளையாக, தலையை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1974-இல் ஆலன் கிரீர் என்ற ஆய்வாளர் அந்தத் தலையை வைத்துக் கணக்கிட்டபோது, முதலை பதினேழு அடிக்கு மேல் போகாது என்று தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் புத்தகங்களில் ஊர்ந்த முதலை, ஒரே மதியத்தில் பாதியாகிவிட்டது.

அதற்காகத் தலை இருந்தால் போதும், வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தலையைப் போல ஏழு மடங்கு உடம்பு என்பது பழைய கணக்கு. லோலோங்கின் தலை 70 சென்டிமீட்டர். ஏழால் பெருக்கினால் 4.9 மீட்டர்தான் வருகிறது. உண்மையில் அது 6.17, அதாவது கிட்டத்தட்ட 8.8 மடங்கு. இப்போது பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டையோட்டுக்கு வருவோம். கம்போடியாவிலிருந்து போனது, 76 சென்டிமீட்டர், லோலோங்கின் தலையை விடப் பெரியது. ஏழால் பெருக்கினால் பதினேழரை அடி. 8.8 ஆல் பெருக்கினால் இருபத்திரண்டு அடி. ஒரே தலை, நடுவில் நாலரை அடி பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் யாருக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்கிறார்கள். நம் மகாபலிபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையை 1976-இல் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேக்கர். அவரும் நிகில் விட்டேக்கரும் 2008-இல் இப்படிப்பட்ட பெரிய மண்டையோடுகளைத் தேடித் தொகுத்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் செய்தது போல எலும்பைத் தேடிப் போவதுதான் வேலை. கதையைத் தேடிப் போக வேண்டியதில்லை, அது தானாகவே வரும்.

என் கணக்கில் லோலோங்குக்கு உண்மையான போட்டி ஒன்றுதான். பப்புவா நியூ கினியின் ஃபிளை ஆற்றில் மீன் வலையில் சிக்கிச் செத்த ஒரு முதலை. தலையோடு சேர்த்து உலர்ந்த தோலை அளந்தபோது 6.2 மீட்டர். தோல் காய்ந்தால் சுருங்கும், அதனால் உயிரோடு இருந்தபோது இன்னும் சில அங்குலம் கூடவே இருந்திருக்கலாம். உரிக்கும்போதும் காய வைக்கும்போதும் இழுத்துக் கட்டினால் நீளவும் செய்யும், அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் கையில் பிடித்து அளந்த பொருள். எனக்கு இது நார்மன்டன் சிலையை விட எவ்வளவோ மேல்.

ஒடிசாவின் பிதர்கனிகாவை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். அங்கே 23 அடி ஆண் முதலை இருப்பதாகக் கின்னஸ் 2006-இல் ஏற்றுக்கொண்டது. வருஷா வருஷம் ஜனவரியில் படகில் போய்க் கணக்கெடுக்கிறார்கள், வாயில் வந்ததைச் சொல்கிறவர்கள் இல்லை. உவர்நீர் முதலை நன்றாகப் பெருகிய இடம், பெரியது இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் அந்த 23 அடி, படகிலிருந்து கண்ணால் மதிப்பிட்டது. டேப் படவில்லை. பழகிய கண் எங்கள் கண்ணை விட மேல்தான். மாமாவினுடையதும் பழகிய கண்தானே என்று மனசு கேட்கிறது. "இருக்கலாம்" என்ற வரிசையில் வைக்கிறேன்.

புருண்டியின் குஸ்டாவ் பற்றி இரண்டு வரி போதும். ருசிசி ஆற்று நைல் முதலை, இருபது அடி, முந்நூறு பேரைக் கொன்றது என்பார்கள். பெரிய இரும்புக் கூண்டு வைத்தும் சிக்கவில்லை. அளக்கவும் இல்லை. நூறு வயது என்று சொல்லிக்கொண்டிருந்ததை, பல்வரிசை ஏறக்குறைய முழுசாக இருப்பதைப் பார்த்து அறுபதுக்குள் என்று குறைத்தார்கள். பல்லைப் பார்த்ததும் வயது குறைந்தது. டேப் வைத்திருந்தால் நீளமும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி நம்ம ஊர் ஆள். மேலே சொன்னவற்றில் குஸ்டாவைத் தவிர மற்றதெல்லாம் உவர்நீர் முதலை. காவிரியில் இருப்பது நன்னீர் முதலை, மக்கர் என்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பரவியுள்ள காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் நீர்நாயோடும் ஆமையோடும் சேர்த்துப் பாதுகாக்கப்படுவது இதுதான். இந்த இனத்தில் பதினைந்து அடியைத் தொடுவதே அபூர்வம். ஆகவே ஒகேனக்கல் இருபது அடியை இந்தப் போட்டியில் சேர்க்க வழியில்லை. பத்து, பன்னிரண்டு அடி என்றால் தாராளமாக நம்புவேன். பரிசல் பக்கத்தில் அதுவே போதும், கையை உள்ளே இழுத்துக்கொள்ள.

அடுத்த முறை போனபோது அதே பரிசல்காரர். லோலோங் கதையைச் சொன்னேன். "எத்தனை அடி சார்?" என்றார். இருபது என்றேன். "நம்மளுதும் இருபதுதானே" என்று சிரித்தார். அதைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட நூறு பேர் தேவைப்பட்டார்களாம் என்றேன்.

துடுப்பு நின்றது. கொஞ்ச நேரம் பாறைச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூறு பேரா? இங்க ஒரு தடவை வலையில சிக்குனதை நாங்க ஆறு பேர்தான் சார் தூக்கி வண்டியில ஏத்துனோம்."