மூன்று பேணிகளும் லட்டாக்கியாவின் வாசமும்

இலண்டனிலிருந்து விடுமுறைக்குத் திருகோணமலை வந்த மைத்துனர் கொடுத்த, முன்பு டன்ஹில் பெயரிலும் இப்போது பீட்டர்சன் பெயரிலும் விற்கப்படும் மூன்று புகையிலைப் பேணிகளை மாலைதோறும் முற்றத்தில் அமர்ந்து பைப்பில் இட்டுப் பார்த்தேன்.

இவை ‘ஆங்கிலக் கலவை’ எனப்படும் பைப் புகையிலை வகையைச் சேர்ந்தவை. அதன் உயிர் லட்டாக்கியா இலையாகும். வேர்ஜினியா, ஓரியண்டல் என்னும் வேறு இரு புகையிலை வகைகள் அதற்குத் துணை நிற்கின்றன. சிரியத் துறைமுகமொன்றின் பெயரைத் தாங்கினாலும் இன்று பெரும்பாலும் சைப்ரஸிலிருந்தே வருகின்ற, விறகுப் புகையில் நெடுநாள் பதப்பட்டுக் கறுத்த அவ்விலையை முகர்ந்தபோது, பொச்சுமட்டை எரித்துப் புகை போடும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக் குடில்தான் நினைவுக்கு வந்தது. சுருட்டுப் பழகிய மூக்குக்கு இது அந்நியமன்று.

‘ஏர்லி மோர்னிங் பைப்’ கலவையில் லட்டாக்கியா அடங்கி, வேர்ஜினியாவின் இனிப்பும் ஓரியண்டலின் இலேசான புளிப்பும் முன்னிற்கின்றன. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுவே. ‘மை மிக்ஸ்சர் 965’ பதப்படுத்தி மென்மையாக்கிய கவெண்டிஷ் புகையிலை சேர்ந்த ஸ்கொட்டிஷ் வகை என்பதால் புகை மென்மையாக இறங்குகிறது. லூசியானாவின் பெரிக் இலை கலந்த ‘நைட்காப்’ மிகக் கடுமையானது. வெறும் வயிற்றில் தலையைச் சுற்றவைத்தது. ஓரியண்டல் மேலோங்கும் பால்கன் வகை இவற்றுள் இல்லாதது எனக்குக் குறையே.

எமது கடற்காற்றின் ஈரத்தில் பேணியைத் திறந்தவுடன் நிரப்பினால் பைப் அடிக்கடி அணைந்துவிடுகிறது. மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம் பரப்பி வைத்த பின்னரே ஒழுங்காகப் பற்றியது.