எக்ஸ்ரே எடுக்காமல் பல்லில் கை வைக்க விடாதீர்கள்

என் மகனுக்கு ஆறு வயது. வாயில் நாலு பல்லு. போன வருசம் ஆறு இருந்தது. குறைந்த அந்த இரண்டின் கதையைத்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற இன்னொரு தாய் தகப்பன் வாசித்தால் போதும். அவற்றைக் கழட்டின பல் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன்பாட்டில் நடக்கட்டும்.

அவனுக்கு இருப்பது எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. பல்லு, தலைமயிர், வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே படையிலிருந்துதான் உருவாகத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டிய ஒரு மரபணுவில் பிழை இருந்தால் மூன்றுமே குறைந்து போகும். அந்த மரபணுவுக்கு ஈடிஏ என்று பெயர், 1996-இல் கண்டுபிடித்தார்கள். எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதனால் தாய் அந்தப் பிழையைக் காவுகிறவளாக இருந்தால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, பிறக்கிற ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு ஒன்று ஊசியாய் இருக்கும். சின்ன வயதில் மாமி என்னை எலிப்பல்லி என்று கூப்பிட்டுச் சிரிப்பா. அம்மம்மாவின் தமையன் ஒருவர் இருபது வயதிலேயே பொக்கை வாயராம், வெயிலில் வயலுக்கு இறங்கமாட்டாராம். அவரைச் சோம்பேறி என்றுதான் ஊர் சொன்னது. டார்வின் கூட 1875-இல் சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்: நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்குப் பல்லும் மயிரும் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதி, பெண் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அதை வாசித்த அன்று அம்மம்மாவின் தமையனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். மகனுக்கு மேலே இரண்டு கடவாய்ப் பல்லு, முன்னால் இரண்டு கூர்ப் பல்லு. கீழே கூர்ப் பல்லு இரண்டு மட்டும். பனங்கிழங்கின் நுனியை நறுக்கி நட்டு வைத்தது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள் என்று ஒரு பல் செட் கட்டிக் கொடுக்கத்தான் போனோம். நோயின் பெயரைச் சொன்னேன். டொக்டர் தலையாட்டிக்கொண்டே டோர்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு நிமிசம் இருக்கும்.

"இதுகள் வளராத பால் பல்லு அம்மா. கழட்டினால்தான் செட் வடிவாய் இருக்கும். ஏழு வயதில ஸ்க்ரூ பல்லுப் போட்டுவிடுவம், பிறகு ஆயுசுக்கும் கவலையில்லை."

எல்லாமாக ஒரு லட்சத்து 80 ஆயிரம் ரூபா, அட்வான்ஸ் 60 ஆயிரம். தந்த ரசீது ஒரு துண்டுக் கடதாசி. தொகையும் ஒரு கிறுக்கலும் இருந்தன, பெயரில்லை, பதிவு இலக்கமில்லை. எனக்கு அப்போது அது பிழையாகப் படவேயில்லை.

அன்றைக்கே கீழ்ப் பல்லு இரண்டையும் கழட்டினார். அவற்றை ஒரு மருந்து உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிறேன். வெளியே தெரிந்த பகுதியை விட வேர் நீளம். பின்னால்தான் விளங்கியது: பொதுவாக அடியில் நிரந்தரப் பல்லு முளைத்து வரும்போதுதான் பால் பல்லின் வேர் கரையும். வேர் முழுதாய் இருந்த இந்தப் பல்லுகள் இன்னும் பல வருசம் அவன் வாயில் இருந்திருக்கக்கூடியவை.

மேலே முன்னால் இருந்த கூர்ப் பல்லு இரண்டுக்கும் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். சித்திரை வெயில். இவனுக்கு வியர்க்காது, முதல் நம்பராக எடுங்கள் என்று போனிலேயே கேட்டிருந்தேன். போனால் பதினொன்றாம் நம்பர். கரண்ட் போய்விட்டது, இருந்த ஒரு ஃபானும் நின்றது. ஒன்றரை மணித்தியாலம். பிள்ளையின் முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்து கண் சொருகத் தொடங்க, போத்தல் தண்ணீரை அவன் சேட்டில் ஊற்றினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "தரை நனையுது அம்மா" என்றா. டொக்டர் வந்து நெற்றியைத் தொட்டுவிட்டு, காய்ச்சல், பல்லுக் கழட்டின இடத்தில் தொற்று என்று அன்டிபயோட்டிக்கும் பனடோலும் எழுதினார். இது காய்ச்சலில்லை, உள்ளே சேர்ந்த சூடு வெளியே போக வழியில்லை, இதற்குப் பனடோல் கேட்காது என்று சொன்னேன். அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். நான் பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு வந்து கிணற்றடியில் இருத்தி வாளி வாளியாக வார்த்தேன். அரை மணித்தியாலத்தில் ஐஸ்பழம் கேட்டான்.

மேல்ப் பல்லு இரண்டும் தப்பியது அந்த மின்வெட்டால்தான்.

அன்றிரவு, தாதியாக இருக்கிற மச்சாள் கேட்ட முதல் கேள்வி: "எக்ஸ்ரே எடுத்தவையோ?" இல்லை. முழுத் தாடைக்கும் எடுக்கிற ஓபிஜி என்ற படத்தை நாங்களாகவே எடுத்தோம். கீழ்த் தாடையில் புதிதாக வர ஒரு பல்லுக்கூட இல்லை. படத்தைக் கொண்டு, இரவு ஏசி பஸ்ஸில், பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனோம்.

அங்கே இருந்த டொக்டர் பென்சிலால் கீறிக் காட்டினார். பல்லு இருந்தால்தான் அதைப் பிடிக்கிற எலும்பு வளரும். பல்லில்லாத இடத்தில் முரசு கத்தி விளிம்பு போல மெலிந்துவிடும், பிறகு செட்டுக்குப் பிடிமானமில்லை. கூர்ப் பல்லைக் கழட்டத் தேவையேயில்லையாம். அதன் மேல் வெள்ளைப் பசை வைத்துப் பல்லு வடிவத்துக்குக் கட்டலாம், அல்லது அதை உள்ளே விட்டு மேலால் செட் போடலாம். ஸ்க்ரூ பல்லு, அதாவது இம்பிளான்ட், எலும்போடு ஒட்டிவிடும், தாடை வளர வளர அது அசையாமல் கீழே தங்கி உள்ளே போன மாதிரி ஆகிவிடும். அதனால் பொதுவாக வளர்ச்சி முடியும்வரை பொறுப்பார்கள். கீழ்த் தாடையின் முன்பக்கத்தில் மட்டும் சில பிள்ளைகளுக்கு முந்தியே போடுவதுண்டு, அதுவும் பல துறை டொக்டர்மார் சேர்ந்து ஸ்கான் பார்த்து முடிவெடுத்த பிறகு. டோர்ச் லைட்டில் முடிவெடுக்கிற காரியமில்லை.

இப்போது மேலே இரண்டு பல்லும் கட்டியாகிவிட்டது. முதல் நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்றவனைச் சாப்பாட்டுக்கு இழுத்து வர வேண்டியிருந்தது. கீழ்ச் செட்தான் கரைச்சல். நாக்காலும் கன்னத்தாலும் பிடித்துச் சமாளிக்கிறான், புட்டுச் சாப்பிடும்போது கழன்றுவிடும். வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எச்சிலும் குறைவு என்பதால் மிஞ்சின பல்லு கெதியாகச் சூத்தையாகலாம் என்றார்கள். ஆகவே அடிக்கடி தண்ணீர், இரவில் ஃபுளோரைட் பற்பசை. அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. பஸ் காசுதான்.

கிளினிக்கில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டோம். 25 ஆயிரம் தந்தார்கள், மிச்சம் செய்த வேலைக்காம். பல் டொக்டர்மாரையும் இலங்கை மருத்துவச் சபைதான் பதிவு செய்கிறது என்று தெரிந்து அங்கே எழுதினோம். எங்கள் கையில் இருப்பதோ பெயரில்லாத அந்தத் துண்டு. நீங்கள் காசு கொடுக்க முந்தியே டொக்டரின் முழுப் பெயரும் பதிவு இலக்கமும் உள்ள ரசீதைக் கேளுங்கள். தர மறுத்தால் எழும்பி வாருங்கள்.

இப்போது அவன் பள்ளிக்கூடப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது, தமிழிலும் சிங்களத்திலும்: இவனுக்கு வியர்க்காது, உடம்பு சுட்டால் முதலில் நனையுங்கள், பல்லுக்கு எது செய்வதானாலும் முதலில் எக்ஸ்ரே பாருங்கள். பேராதனை டொக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்தது. அதே வாசகத்தில் உங்கள் டொக்டரிடமும் ஒன்று வாங்கிக்கொள்ள விரும்பினால் கீழே சொல்லுங்கள், பெயரை மறைத்துப் படமெடுத்துப் போடுகிறேன்.