ஐந்தாண்டு பி.காம் எல்எல்பியா, பி.காம் முடித்து மூன்றாண்டு எல்எல்பியா?

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பிள்ளை சட்டம் படிக்க ஆசைப்பட்டால், வீட்டில் முதலில் எண்ணிப் பார்ப்பது வருடங்களைத்தான். ஒருங்கிணைந்த பி.காம் எல்எல்பி ஐந்து வருடம். பி.காம் மூன்று, அப்புறம் எல்எல்பி மூன்று என்றால் ஆறு. "ஒரு வருஷம் மிச்சம்" என்று ஐந்தாண்டுப் படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நடுவில் மனம் மாறினால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்?

வழக்கறிஞர் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இதில் கறாரானவை. ஐந்தாண்டுப் படிப்பைப் பாதியில் பிரித்துப் பட்டம் தர முடியாது. மூன்று வருடம் முடித்துவிட்டு, "சட்டம் ஒத்துவரவில்லை, பி.காம் மட்டும் கொடுங்கள்" என்றால் கிடைக்காது. பட்டம் இல்லாமல் வங்கி அதிகாரி தேர்வும் எழுத முடியாது, டிஎன்பிஎஸ்சி குரூப் 2வும் எழுத முடியாது. பதினேழு வயதில் எடுக்கும் முடிவுக்கு இது பெரிய விலை. தனித்தனியாகப் படித்தவருக்கு இந்தப் பயம் இல்லை. பி.காம் பட்டம் கையில் இருக்கும்; சட்டம் வேண்டுமா என்பதை இருபது வயதில் நிதானமாக யோசிக்கலாம்.

ஐந்தாண்டுப் படிப்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி அதில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். மூன்றாண்டுக்கு 12 வாரம்தான். அந்த எட்டு வாரத்தைவிட, வருடாவருடம் ஒரு சீனியர் வக்கீலிடமோ நிறுவனத்திலோ போய்ப் பழகும் அவகாசம் பெரிது. பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பதும் பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டு மாணவர்களைத்தான். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.காம் எல்எல்பி இருக்கிறது; கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவு லட்சங்களில். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் இதே படிப்பு உண்டு. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. பண நெருக்கடி உள்ள வீட்டுக்கு, பி.காம் முடித்து அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்பி சேர்வதுதான் தாங்கக்கூடிய வழி.

சரி, காமர்ஸும் சட்டமும் சேர்ந்தால் தொழிலில் என்ன லாபம்? வருமான வரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரி முன்பும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரையிலும் ஒரு ஆடிட்டரே வாதாடலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கறிஞர்தான் வாதாட வேண்டும், அதுவும் சட்டப் பிரச்சினையை மட்டும் வைத்து. பேலன்ஸ் ஷீட்டைப் படித்துப் புரிந்துகொண்டு அதைச் சட்டக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவருக்கு அங்கே தனி மரியாதை. 2016இல் திவால் சட்டம், 2017இல் ஜிஎஸ்டி என்று வந்தபிறகு இந்த வேலை பெருகியிருக்கிறது. நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலும் கணக்கு தெரிந்த வழக்கறிஞருக்கு நிறைய இடம் உண்டு.

ஆனால் இந்த ஆழம் ஐந்தாண்டுப் படிப்பில் தானாக வந்துவிடாது. அங்கே காமர்ஸ் பாடங்கள் சட்டப் பாடங்களோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வரி வழக்குதான் இலக்கு என்றால், பி.காம் படிக்கும்போதே சிஏ இன்டர் (ஆடிட்டர் படிப்பின் இடைநிலை) அல்லது சிஎஸ் எக்ஸிகியூட்டிவ் (கம்பெனி செக்ரட்டரி படிப்பின் இடைநிலை) முடித்துவிட்டு எல்எல்பிக்கு வருபவர்தான் முன்னால் நிற்பார் என்பது என் உறுதியான எண்ணம். சட்டக் கல்லூரியில் 70 சதவீத வருகை கட்டாயம் என்பதால், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்பை அதோடு சேர்த்து ஓட்ட முடியாது. அதனால் வரிசை முக்கியம்.

நீதிபதி ஆகும் கனவு இருந்தால் ஐந்தாண்டுதான் நல்லது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, உரிமையியல் நீதிபதி தேர்வை எழுத மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். இங்கே மட்டும் அந்த ஒரு வருட மிச்சம் நிஜமாகவே உதவும்.

கம்பெனியில் சட்ட அதிகாரியாகப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழுநேரச் சம்பளத்தில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலில் உள்ள வழக்கறிஞர் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். இந்த வேலைக்கு எந்த வழியில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே சிஎஸ் இருந்தால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் முதல் சில வருடப் பிழைப்புக்கும் திட்டமிட வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது தரவேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் அறிவித்தது. நடைமுறையில் அது சீனியரைப் பொறுத்தது. குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லாத பிள்ளை, பி.காமுக்கும் எல்எல்பிக்கும் நடுவில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தால், அந்த ஆரம்ப வருடங்களைத் தாக்குப்பிடிப்பது எளிது. ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த இடைவெளி கிடைக்காது. அதுவரைக்கும் வீடுதான் தாங்க வேண்டும்.