கோட்டையைக் கரையில் நின்று எடுப்பதா, உள்ளே போய் எடுப்பதா?

அக்காவின் மகன் ஒரு யோசனையோடு வந்தான். திருகோணமலைக் கட்டடங்களை வைத்துப் பன்னிரண்டு படம், ஒரு கலண்டர், அதை விற்கவும் வேண்டும். "மாமா, றோட்டில நிண்டு எடுத்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாதுதானே?" என்றான். கேட்பார்கள். யார், எதற்காகக் கேட்பார்கள் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் பதிப்புரிமை. நம் இலங்கையில் அது படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, 1795இல் ஆங்கிலேயர் பிடித்த திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. நேற்று எழும்பிய ஹோட்டல் வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கட்டடக்கலையையும் ஒரு படைப்பாகத்தான் பார்க்கிறது. இந்தியாவின் 1957 சட்டத்தில் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிட்டால் மீறல் ஆகாது என்று நேரடியாகவே சொல்லிவிடும். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை, நியாயமான பயன்பாடு என்ற பொதுவான பிரிவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சென்னைக்காரர் யூடியூபில் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே கமராவைத் தூக்காதீர்கள். பிரான்சில் இன்னும் வேடிக்கை: ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம், இரவில் எரியும் விளக்கு அலங்காரத்துக்கு உரிமைக்காரர் இருக்கிறார். நான் மருமகனிடம் சொன்னது, ஹோட்டல் படம் வேண்டுமென்றால் முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கு, இல்லாவிட்டால் விடு.

ஆனால் திருகோணமலையில் வம்பு வருவது கட்டடக் கலைஞரிடமிருந்து அல்ல, காவலில் நிற்பவரிடமிருந்து. இங்கே பாதி ஊர் முகாம். 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோக இரகசியச் சட்டத்தில் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்று ஒன்று உண்டு, அதைப் படம் எடுப்பதும் குற்றத்துக்குள் வரும். நீங்கள் நிற்பது பொது றோட்டாக இருக்கலாம். லென்ஸ் எதைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. ஒருமுறை ஒரு பழைய வேலியோரம் பூவரசு மரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு காவற்கூண்டு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. "மல்லி (தம்பி), காட்டுங்கோ" என்று காவலர் ஒருவர் வந்து, பத்து நிமிடம் ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்து, மூன்றை அழிக்க வைத்தார். அதில் ஒன்று என் மகளின் பிறந்தநாள் படம். ஏன் அது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

சரி, கோட்டைக்கு வருவோம். உள்ளே போனால் வாசல் வளைவு, மான்கள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் உள்ளே இராணுவம் இருக்கிறது, கோயிலுக்குப் போகிற பாதையை விட்டு விலகிக் கமரா முக்காலியை விரித்தால் ஆள் வந்துவிடும். கைபேசியில் மானை எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், அதே மானைப் பெரிய லென்ஸில் எடுத்தால் கதை வேறு. கோயிலில் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கோட்டைக்கு வெளியே, டச்சுக்குடாக் கரையில் நின்று எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு. விலை என்னவென்றால் தூரம்: 200 மில்லிமீற்றர் லென்ஸாவது வேண்டும். காலையில் சூரியன் கோட்டை நிற்கும் பாறைப் பக்கமாக எழும்புவதால் வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். பின்னேரம் நாலரைக்குப் போங்கள், மதிலும் பாறையும் மஞ்சளாகும். படத்தின் ஓரத்தில் கடற்படைப் படகு ஏதும் வந்து நிற்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். எனக்குக் கரைதான்.

ட்ரோன் பற்றி ஒரு வரி போதும். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிவு வேண்டும். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

மருமகன் ஒன்பது படம் முடித்துவிட்டான், மான் மட்டும் உள்ளே எடுத்தது. ஹோட்டல்காரரின் கடிதம் இன்னும் வரவில்லை. அந்த மாதத்துக்கு இப்போதைக்கு மீன்பிடி வள்ளங்களைப் போட்டிருக்கிறான்.