டாப்ஸ் 1995 சைபர்ஸ்டாட்ஸ்: காரைக்குடியில் கிடைத்த பேஸ்பால் அட்டைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் மங்குத் தட்டு, தேக்குப் பெட்டி, ரவிவர்மா படம் என்றுதான் தேடுவார்கள். அங்கே ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது ஒரு கட்டு அமெரிக்க பேஸ்பால் அட்டைகள், முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு என்று சேகரிப்பதற்காக அச்சடித்தவை. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது மற்ற சாமானோடு சேர்ந்து வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். கட்டில் பாதிக்கு மேல் டாப்ஸ் கம்பெனியின் 1995 அட்டைகள். இடையிடையே மினுமினுப்பான படலத்தில் அச்சடித்த சில அட்டைகளும் இருந்தன. அவைதான் சைபர்ஸ்டாட்ஸ், இந்த விமர்சனம் முக்கியமாக அவற்றைப் பற்றி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1994-ல் வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அணி முதலாளிகள் பிடிவாதமாக நிற்க, ஆகஸ்ட் 12-ஆம் தேதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி மிச்ச சீசனையே ரத்து செய்துவிட்டார்கள். 162 ஆட்டம் ஆட வேண்டிய அணிகள் 115 பக்கத்தில் நின்றன, 1904-க்குப் பிறகு முதல் முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் இல்லாத வருஷம். அடுத்த வருஷ அட்டைகளின் பின்பக்கத்தில் போட முழு சீசன் எண்களே கிடையாது. அதற்கு டாப்ஸ் கண்டுபிடித்த வழி, ஆடாத ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஆடவிட்டு, வரும் எண்களைத் தனி வரிசையாக அச்சடிப்பது. மொத்தம் 396 அட்டைகள்.

யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அந்த வருஷம் அறுந்த இடங்கள் அப்படிப்பட்டவை. சான் டியேகோவின் டோனி க்வின் .394 சராசரியில் நின்றார், அதாவது மட்டை பிடித்த 419 முறையில் 165 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது). அதே 419-ல் இன்னும் மூன்று ஹிட் விழுந்திருந்தால் .400-ஐத் தாண்டியிருப்பார். 1941-ல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு யாருமே தொடாத உயரம் அது. சான் பிரான்சிஸ்கோவின் மேட் வில்லியம்ஸ் 43 ஹோம் ரன்களில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) நின்றார். அவர் அணி ஆடிய 115 ஆட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், முழு சீசனுக்கு 60-ஐத் தாண்டுகிறது. ஒரே சீசனில் அன்றைய சாதனை ரோஜர் மாரிஸ் 1961-ல் அடித்த 61. எட்டியிருப்பாரா மாட்டாரா என்று நானும் சித்தப்பாவும் போனில் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது.

ஆனால் இது வெறும் பெருக்கல் கணக்கில்லை. ஹூஸ்டனின் ஜெஃப் பேக்வெல் .368, 39 ஹோம் ரன் என்று வெளுத்துக்கொண்டிருந்தவர், வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பந்து பட்டுக் கை எலும்பு உடைந்து போனார். சீசன் தொடர்ந்திருந்தால் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், அந்த வருஷ எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருது அவருக்கு அத்தனை சுலபமாக வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

எனக்குப் பெரிய குறை வேறு ஒன்று. இந்த அட்டைகள் ஆளாளுக்கு எண்களை முடித்துக் கொடுக்கின்றன, அணிக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இவற்றில் இடமே இல்லை. 1994-ல் உண்மையில் பறிபோனது கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்குத்தான். 74 வெற்றி, 40 தோல்வி, மொத்த பேஸ்பாலிலும் முதலிடம், பிரிவில் அட்லாண்டாவைவிட ஆறு ஆட்டம் முன்னால். சம்பளம் குறைவான இளம் பையன்கள்: லாரி வாக்கர், மார்க்கிஸ் கிரிஸம், பெட்ரோ மார்ட்டினெஸ், மொய்செஸ் அலூ. மொய்செஸின் அப்பா ஃபிலிப்பே அலூதான் மேனேஜர். வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, 1995 ஏப்ரலில், காசில்லை என்று கிரிஸம், பந்து வீச்சாளர்கள் வெட்டலண்ட், கென் ஹில் என மூவரையும் சில நாட்களுக்குள் வேறு அணிகளுக்குக் கைமாற்றிவிட்டார்கள், வாக்கரும் போய்விட்டார். அந்த வருஷம் அட்லாண்டா வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தபோது கடைசி கேட்சைப் பிடித்ததே கிரிஸம்தான். அதற்கடுத்த வருஷம் நியூயார்க் யாங்கீஸ் ஜெயித்தபோது தொடரின் சிறந்த வீரர் வெட்டலண்ட். எக்ஸ்போஸ் 2005-ல் வாஷிங்டனுக்கே போய்விட்டது. ஒரு ஊர் தன் அணியையே இழந்த கதை இது, அதை எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு அட்டையின் பின்பக்கத்தில் அடக்க முடியாது. அதனாலேயே, மினுமினுப்பு இல்லாத சாதாரண அட்டையைத்தான் நான் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன். மேட் வில்லியம்ஸ் பெயருக்கு நேரே அந்த 43 அப்படியே நிற்கிறது, அது உண்மை எண்.

சரி, வாங்குவதைப் பற்றி. கடைக்காரர் சில்லறையாகத் தர மாட்டேன் என்றார். "கட்டாத்தான் தருவேன் தம்பி, பொறுக்கி எடுத்தா மிச்சத்தை யார் வாங்குவா?" என்றார், நியாயம்தான். கொஞ்சம் பேசிப் பார்த்ததில் விலை இறங்கியது. அட்டைகளை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள். ராமபாணப் பூச்சி அரித்த ஓரங்கள் இருக்கும், படலம் ஒட்டிய அட்டைகள் வில் மாதிரி வளைந்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அங்கேயே பிய்க்க வேண்டாம். காசு பார்க்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், அந்தக் காலத்தில் அட்டைகளை மலைமலையாக அச்சடித்தார்கள், பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. பேஸ்பால் பிடித்தவர்களுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தயங்காமல் கொடுப்பேன்.

என் கட்டில் க்வின் வரவில்லை, மாண்ட்ரியல்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.